செவிலியர் விலகல்: சம்பளம் மட்டும் காரணமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளில் செவிலியர்கள் ஓரிரு ஆண்டுகள்கூட நிலைக்காமல் விலகுவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், வெளிநாட்டில் கூடுதல் சம்பளம் கிடைப்பதால் போகிறார்கள் என்று நிர்வாகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சம்பளக் குறையை நான் மறுக்கவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையாகவும் ஊதியம் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பல இடங்களில் அது ஏட்டளவிலேயே நிற்கிறது.

ஆனால், வார்டு இன்சார்ஜாக இருந்து ஓய்வுபெற்ற எனக்குத் தெரிந்தவரை, ராஜினாமா கடிதம் கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தச் செவிலியரின் மனம் வேலையை விட்டு விலகிவிடுகிறது. சம்பளம், விடுதி, விடுப்பு ஆகியவற்றில் குறையில்லாதவர் மனநிறைவோடு இருக்கலாம். வேலையில் ஈடுபாடு என்பது வேறு. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் தனியாக ஒரு செவிலியர் வேண்டும் என்பது நெறி. இரவு டியூட்டியில் இரண்டு, மூன்று பேரை ஒருவரிடமே ஒப்படைத்தால், ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படுக்கையில் மருந்து பம்ப்பின் அலாரம் அடிக்கிறது. கடமைக்கு வேலை செய்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். நோயாளியைத் தம் பொறுப்பாக நினைப்பவரோ, விடிந்து விடுதிக்குப் போன பின்பும் உறங்க முடியாமல் தவிப்பார். முதலில் விலகுபவரும் அவரே. இப்படி நல்லவர்களை இழந்த வார்டில், மிஞ்சியவர்களின் சுமை மேலும் கூடி, அடுத்த விலகலுக்கும் வழி திறக்கிறது.

விலகும்போது நிரப்பும் படிவத்தில் எல்லோரும் ‘சொந்தக் காரணம்’ என்றே எழுதுகிறார்கள். அனுபவச் சான்றிதழ் கைக்கு வர வேண்டுமே என்ற அச்சம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு. அது ஆளை நிறுத்தலாம், ஈடுபாட்டை வளர்க்காது. டியூட்டி பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகத் தருவது, தொடர் இரவுப் பணிக்குப் பின் உரிய ஓய்வு தருவது, ரவுண்ட்ஸின்போது செவிலியரின் கருத்தையும் கேட்பது ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை.

1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவைப் புதுப்பிக்கும் அதிகாரிகள், கட்டடத்தையும் கருவிகளையும் பார்ப்பதோடு, ஒவ்வொரு ஷிப்டிலும் உண்மையில் எத்தனை செவிலியர் பணியில் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களின் சான்றிதழ்கள் யார் கையில் உள்ளன என்பதையும் ஆய்வு செய்ய அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.