பாட்டு இருக்கிறது, எழுதினவர் பெயர் எங்கே?

யாழ்ப்பாணத்தில் இசைவிழா நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்களில் ஒரு குழுவின் மேடையில் என் மகள் 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள்' பாடினாள். "அடுத்தது ரி. எம். சௌந்தரராஜனின் பாடல்" என்று அறிவித்தார்கள். அவர் பாடிப் புகழ் சேர்த்தவர், அதில் பிழையில்லை. ஆனால் மயிலாப்பூர் அம்பாள்மேல் அதை எழுதினவர் நம் இணுவில் வீரமணி ஐயர். ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று ஒவ்வொரு சரணத்திலும் இராகத்தின் பெயரையே அம்பாளின் பெயராக வைத்துப் பின்னிய மனிதரை, அவர் பிறந்த மண்ணிலேயே சொல்லாமல் விட்டால் எப்படி?

விண்ணப்பத்தில் மகள் அவர் பெயரை முத்து முத்தாக எழுதித்தான் கொடுத்தாள். அச்சடித்து வந்த நிரலில் இராகம் இருந்தது, தாளம் இருந்தது, பக்கவாத்தியக்காரர் எல்லாரும் இருந்தார்கள், பின்பக்கம் முழுக்க உபயகாரர்கள். அந்த ஒரு பெயரைத்தான் காணவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் "அம்மா, நான் பேரைப் பிழையா எழுதிக் குடுத்திட்டனோ?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தயவுசெய்து இயற்றியவர் பெயரைப் போடுங்கள். ஒரு வரிதானே.

முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இவ்வளவு நமக்குக் கிடைத்ததென்றால், அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்து சுரப்படுத்தி 1904இல் அச்சேற்றியது பெரிய காரணம். நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995இல் போருக்குப் பயந்து வீட்டைப் போட்டுவிட்டு ஓடினபோது சங்கீதக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? மிச்சம் இருக்கிறவையும் யார் யார் வீட்டு அலுமாரியிலோ கறையான் தின்னக் கிடக்கின்றன. தாய் இராகங்கள் என்கிற 72 மேளகர்த்தா இராகங்களிலும் பாட்டு எழுதினவர் வீரமணி ஐயர். அவர் காலமானது 2003இல்தான், ஏதோ பழங்காலத்துக் கதை இல்லை. அவரிடம் நேரே படித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு ஒரு பொழுது பாடவைத்துப் பதிவு செய்ய யாருக்கும் நேரமில்லை, பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன், மன்னியுங்கள். வருகிற விழா நிரலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் இயற்றியவர் பெயரை அச்சிடுங்கள், மேடையிலும் வாசியுங்கள். அச்சுக்குப் போகமுன் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சங்கீதம் படிக்கும் பிள்ளையின் தாய்