மலைராச்சியத்தில் காதல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

காதலும் மந்திரமும் கலந்து மலையகத்திலிருந்து நாவல் எழுதுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். தலவாக்கலையிலும் பதுளையிலும் மாத்தளையிலும் இருந்துகொண்டு நீங்கள் எழுதுவதைத் தேடித் தேடி வாசிக்கிறவள் நான். இதெல்லாம் ஒரு இலக்கியமா என்று உதட்டைப் பிதுக்கும் பெரியவர்களின் கட்சியில் நான் இல்லை. எங்கள் காலத்தில் எழுத வெட்கப்பட்ட ஆசையை நீங்கள் கூச்சமில்லாமல் எழுதுகிறீர்கள். அத்தியாயத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகிக்குத் தூக்கம் வராது என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எனக்குள்ள வழக்கு ஒன்றுதான். அது உங்கள் தளபதியைப் பற்றியது.

கடல்தாண்டி வந்த படை ஒரு மலைராச்சியத்தைப் பிடித்துவிடுகிறது. கோட்டைக்குள் வேலைக்காரியாக நுழைகிற நாயகி பகலில் வேவு பார்க்கிறாள், இரவில் அந்தப் படையின் இளந்தளபதியின் கண்களைப் பார்க்கிறாள். இதுவரை சரி. ஊருக்கு உண்மையாக இருப்பாளா, அவனுக்கு உண்மையாக இருப்பாளா என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில், கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் ஒரு மச்சமோ மோதிரமோ வெளிப்பட்டுவிடுகிறது. அவனும் மலைராச்சியத்து இரத்தமாம். ஊர்களை எரித்ததெல்லாம் அவனுடைய சித்தப்பனாம். கேள்வி அதோடு செத்துப்போகிறது. அவள் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை. அவளுக்காக நீங்களே தேர்ந்தெடுத்து, தாலியும் கட்டவைத்து அனுப்பிவிட்டீர்கள்.

அந்தக் கேள்வி நிஜமாகவே மனிதர்களிடம் கேட்கப்பட்ட மலையில் உட்கார்ந்துகொண்டு இப்படித் தப்பித்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

1814ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி அரசின் முதல் அதிகார், அதாவது முதலமைச்சர், எஹெலபொல, மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராகச் சப்ரகமுவையில் கிளர்ச்சி செய்து, தோற்று, பிரித்தானியரிடம் ஓடினார். குடும்பம் கண்டியில் அகப்பட்டுக்கொண்டது. பிள்ளைகளின் தலைகள் வெட்டப்பட்டன. மனைவி போகம்பரை வாவியில் மூழ்கடிக்கப்பட்டாள். அடுத்த வருடம் பிரித்தானியப் படை கண்டிக்குள் நுழைந்தபோது எஹெலபொல அந்தப் பக்கத்தில் இருந்தார். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்பதா, பிள்ளைகளுக்குப் பழிவாங்கிய தகப்பன் என்பதா? மணிமுடி தனக்கு வரும் என்று காத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் பதில் சொல்லவேண்டும். முடி வரவில்லை. 1818இல் பிரித்தானியரே சந்தேகப்பட்டுப் பிடித்துவைத்தார்கள். பின்னர் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார்.

அவருக்குப் பின் முதல் அதிகாரான மொல்லிகொட வேறு வார்ப்பு. அவருடைய குடும்பமும் மன்னனின் பிடியில்தான் இருந்தது. குடும்பத்தார் மன்னனின் கைக்கு எட்டாத தூரம் போகும்வரை அவனுடைய ஆளாக நின்றார், போனதும் பிரித்தானியர் பக்கம் சேர்ந்தார். சேர்ந்தபின், 1818இல் மலைநாடே கொதித்தபோதும் அசையவில்லை. கோழை, கெட்டிக்காரர், நல்ல தகப்பன் எல்லாம் ஒரே ஆள்.

மூன்றாமவர் கெப்பெட்டிபொல. வாவியில் மூழ்கடிக்கப்பட்டவளின் அண்ணன்தம்பிகளில் ஒருவர். பிரித்தானியரின் கீழ் ஊவாவின் திசாவையாக, அதாவது மாகாண அதிகாரியாக, இருந்தவர். 1817இல் ஊவா, வெல்லஸ்ஸப் பக்கம் கிளர்ச்சி எழுந்ததும் அதை அடக்க இவரைத்தான் அனுப்பினார்கள். போனவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துவிட்டார். சேரும்போது, தனக்குத் தந்த துப்பாக்கிகளைத் தந்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவைத்தார்.

கொஞ்சம் நின்று இதை யோசியுங்கள். போர் செய்யப் போகிறவனுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆனால் பகைவனிடம் வாங்கிய சம்பளத்தையும் மரியாதையையும் என்ன செய்வது என்று அந்த மனிதர் அதற்கு முந்திய இரவு எப்படிப் புரண்டிருப்பார்? அந்த ஒரு இரவை எழுத உங்களுக்கு ஒரு முழு நாவல் வேண்டும். உங்கள் தளபதிக்கு அப்படி ஒரு இரவு கிடைத்திருந்தால் மச்சமும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம்.

1818 நவம்பரில் அவர் தலை வெட்டப்பட்டது. மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு 1954இல்தான் திரும்பி வந்தது. அவரையும் கூட்டாளிகளையும் துரோகிகள் என்று அறிவித்த பிரகடனத்தை இலங்கை அரசு நீக்கியது 2016இல். போதாததற்கு, கிளர்ச்சிக்காரர்கள் அரசனாக முன்னிறுத்திய வில்பாவே நிஜ அரசனே இல்லை. காவியைக் கழற்றியவர், தன்னை அந்த மன்னனின் தென்னிந்திய நாயக்க வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டவர். பொய்யரசனுக்காக நிஜமாகச் செத்த மனிதர்கள்! இதற்கு மேல் என்ன மாயக்கதை வேண்டும்?

சிங்களப் பிரதானிகளின் கதை நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். வேலூரில் சிறையிருந்து 1832இல் செத்த அந்த மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தை ஒருதரம் முழுசாக வாசியுங்கள். மன்னனின் உறவுக்கார ஆண்கள் யாவரும் பகைவர்கள் என்றும், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியில்லாமல் திரும்பிவரக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. தமிழரை அன்று பிரித்தானியர் மலபார் என்றுதான் எழுதினார்கள். ஏறத்தாழப் பத்து வருடம்கூடப் போகவில்லை, அதே ஆட்சியில், அதே மலைக்கு, கோப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து ஆள் இறக்கத் தொடங்கினார்கள். அரச குடும்பமாக இருந்தால் போ, கூலியாக இருந்தால் வா.

அப்படி வந்த நம் ஆட்களுக்குள் யார் எந்தப் பக்கம் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். தோட்டத்துக்கு ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணியைச் சொல்கிறேன். அவர் வெளி ஆள் இல்லை. சொந்த ஊர், பல நேரம் சொந்தச் சாதி, சில நேரம் தாய்மாமன். ஊரில் கடன் அடைத்து, வழிச்செலவு கொடுத்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடத்திக்கொண்டு வந்தவர். வழியில் செத்தவர்களைப் புதைத்தவரும் அவரேதான், பிழைத்தவர்களின் பேரில் கடன் எழுதியவரும் அவரேதான். கடன் தொகையைக் குறித்த துண்டு இல்லாமல் ஒருவரும் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் கிடக்கிறவளை எழுப்பினால் அவருக்குக் காசு, எழுப்பாவிட்டால் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் ஏச்சு. அதே கங்காணிதான் கோயில் கட்டினார், கல்யாணம் பேசினார், சண்டை தீர்த்தார். அவரைத் திட்டுகிற பாட்டும் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இருந்தது, அவர் செத்த அன்று ஒப்பாரியும் இருந்தது. உங்கள் சூனியக்காரர்கள் எல்லாரும் ஏன் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு குகையில் இருக்கிறார்கள்? வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, கையில் ஒரு பேரேட்டோடு, "வா மகளே" என்று கூப்பிடட்டும். மாயத் துண்டு ஒன்றில் பெயர் எழுதினால் மலையை விட்டு இறங்கமுடியாது என்று ஒரு விதி வையுங்கள். நான் பயந்துபோய் வாசிப்பேன்.

காதல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குக் கோபம். தளபதியின் அறைக்கு வேலைக்காரி தட்டு எடுத்துக்கொண்டு போகிறாள். அவன் அவளைத் தொடாமல் கண்ணியமாக நிற்கிறான், அதனால் அவன் நல்லவன் என்கிறீர்கள். துரை பங்களாவுக்கு வேலைக்குப் போன நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பற்றி எல்லாத் தோட்டத்திலும் கதை உண்டு, அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதுதான் எந்தக் கதையிலும் இல்லை. சில இடங்களில் உண்மையான பிரியம் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அப்பாவின் பேர் வேலையாள் பதிவேடான செக்ரோலில் இருந்திருக்குமா? அவளுடைய விருப்பத்துக்கு எதிரே ஒரு குடும்பத்தின் அரிசி நிறுத்துவைக்கப்பட்டிருக்கிறது. அந்த அரிசியை மறைத்துவிட்டு எழுதுகிற முத்தக்காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஒட்டவில்லை. அரிசியையும் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் அவள் அவனை விரும்பினால், அப்போது எழுதுங்கள் பார்க்கலாம்.

இதற்கு வெளிநாட்டு மாதிரி தேவையில்லை. மாசி மாதத்தில் உங்கள் தோட்டத்திலேயே காமன் கூத்து நடக்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்க மதனுக்கு அழைப்பு வருகிறது. போகாதே என்கிறாள் ரதி. போனால் எரிவான் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பெரிய இடத்து உத்தரவு, போகாமல் இருக்கமுடியாது. போகிறான், எரிகிறான். விடியவிடிய நடக்கிற அந்த வாக்குவாதத்தில் காதல், கடமை, அதிகாரம் மூன்றும் இருக்கின்றன, ஒன்றும் ஒன்றை விழுங்குவதில்லை. நம் சனங்கள் மச்சம் கண்டுபிடித்து மதனைக் காப்பாற்றவில்லை. தொழிற்சாலைக்கு ரோதமுனி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று இயந்திரத்துக்கும் கத்திக்கும் தெய்வம் படைத்த சனங்கள் இவர்கள். கற்பனைக்கு நமக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த நாவலில் படைத்தளபதியைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள். வென்றவர்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்கிற உள்ளூர்க்காரன், நெல் வரிக்கணக்கு எழுதுகிறவன், பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவன், இவர்களில் ஒருவனை நாயகனாக்குங்கள். அவன் செய்கிற ஒவ்வொரு விட்டுக்கொடுப்புக்கும் யார் வீட்டில் விளக்கு அணைந்தது என்று பெயரோடு எழுதுங்கள். நாயகிக்கு அந்தப் பெயர்கள் தெரியட்டும். தெரிந்தபிறகு அவனைக் கட்டுவதா, காட்டிக்கொடுப்பதா என்று அவளே முடிவெடுக்கட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

யாராவது கணக்கப்பிள்ளையை நாயகனாக வைத்து எழுதத் துணிந்தால் முதல் அத்தியாயத்தை எனக்குக் காட்டுங்கள். பிழை திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம். ஒற்றுப்பிழை மட்டும் இவ்வளவு வேண்டாம், கண் வலிக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருத்தி,
கொட்டகலை