தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா குறித்துக் கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையின் இரு கரைகளிலும் நடைபெறும் ஆற்றுத் திருவிழாவுக்கான ஏற்பாடுகளை, வரும் ஆண்டிலிருந்தாவது இரண்டு நிர்வாகங்களும் சேர்ந்து, மார்கழித் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். இப்போது இவ்விழா ஒரு நாள் காவல் பணியாகவும் போக்குவரத்து மாற்றமாகவும் மட்டுமே கவனிக்கப்படுகிறது. விழா நெருங்கும்போது பொக்லைன் வந்து அவசரமாகப் பாதை போடுகிறது. விழா முடிந்ததும் குப்பை வண்டி வருகிறது. பிறகு அடுத்த தை வரை அந்தக் கரையை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்துள்ளோருக்காகச் சிறிது விளக்க வேண்டும். காணும் பொங்கலோடு பண்டிகை முடிந்துவிட்டதாக மற்ற ஊர்கள் நினைத்திருக்கும்போது, கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதி மக்கள் ஜனவரி 18 அல்லது 19ஆம் தேதியில் வரும் இந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்று ஊர்க் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் மினி லாரியிலும் அலங்காரத்தோடு ஆற்றுக்கு எழுந்தருள்கிறார்கள். சாமியின் ஆயுத வடிவமான அஸ்திர தேவருக்கு நீராட்டுச் செய்து தீர்த்தவாரி முடிந்ததும் மக்கள் அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். அதே நாளில் மேற்கே திருவண்ணாமலை அண்ணாமலையாரும் மணலூர்பேட்டைக்கு வந்து இதே தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். ஆல்பேட்டை, கண்டரக்கோட்டை, சோரியாங்குப்பம் என்று எந்தக் கரையில் நின்றாலும் அன்றைக்கு எங்களுக்கு எல்லாம் ஒரே தீர்த்தம்தான்.

சமய வாழ்வில் இவ்விழாவுக்குள்ள இடம் அலாதியானது. ஆண்டு முழுவதும் கருவறைக்கு வெளியே வரிசையில் நின்று கணநேரம் காணும் தெய்வம், அன்று கோபுரமும் வாசற்படியும் இல்லாத வெட்டவெளியில் பகல் முழுவதும் மக்களோடு இருக்கிறது. ஆகம முறைப்படி பூசை நடக்கும் சிவன் கோயில் மூர்த்தியும், ஊர் எல்லையில் காவல் நிற்கும் மாரியம்மனும் அங்காளம்மனும் ஒரே மணலில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் புகுந்த ஊர்ச் சாமியோடு வருவாள். அவளைப் பெற்றவர்கள் தங்கள் ஊர்ச் சாமியோடு வந்திருப்பார்கள். மணல் மேட்டில் இலை போட்டு இரு வீட்டாரும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது ஆளுக்கொரு பை சுருளிக்கிழங்கு வாங்கிப் போவார்கள். அந்தக் கிழங்கு இல்லாமல் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்வந்ததாகச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். வழிபாடு எங்கே முடிகிறது, உறவு எங்கே தொடங்குகிறது என்று அன்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

இவ்வளவும் மணலை நம்பித்தான் நடக்கிறது. சாமி வண்டி இறங்கவும், கூட்டம் உட்காரவும், குழந்தைகள் அச்சமின்றி ஓடியாடவும் அகன்ற மணல் பரப்பு வேண்டும். மணல் அள்ளப்பட்ட இடங்களில் இன்று களிமண்ணும் சீமைக்கருவேலும் மிஞ்சியிருக்கின்றன. நீர் நிறைந்தால் பள்ளம் எது, தரை எது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்து, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கனஅடிக்கும் மேலான நீர் திறக்கப்பட்டபோது, கரையோர ஊர்கள் இரு பக்கமும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வெள்ளம் ஆற்றின் அடித்தரையையே மாற்றிவிடும் என்பதால், சென்ற ஆண்டு இறங்கிய துறையில் இந்த ஆண்டும் இறங்கலாம் என்று எவரும் உறுதி கூற முடியாது. எனவே நீர்வளத் துறைப் பொறியாளர்கள் மார்கழியிலேயே ஒவ்வொரு ஆற்றுத் துறையையும் அளந்து, ஆழமான பள்ளங்களைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கயிறு கட்டி, குளிக்கத் தகுந்த இடம் எது என்பதைக் கோயில் நிர்வாகிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

விழாவுக்காக அணையைத் திறக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதைக் கேட்கமாட்டேன். சாத்தனூர் நீர் பயிருக்கு உரியது. தண்ணீர் இல்லாத ஆண்டில் ஊற்றுத் தோண்டி அந்த நீரில் சாமிக்குத் தீர்த்தவாரி செய்வதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊற்றுக்குப் பக்கத்திலேயே சாக்கடை வந்து கலப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆறு தமிழ்நாடு, புதுச்சேரி என்ற இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடுவதால் பொறுப்பும் நடுவிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டிலுள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் போகிறது. பாசனத்துக்கு இரு தரப்பும் பேசிக்கொள்ள முடிகிறதென்றால் திருவிழாவுக்கும் ஒரு முறை உட்கார்ந்து பேசலாம். புதுச்சேரி வில்லியனூர்த் தேரோட்டத்தில் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிப்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து தொடரும் மரபு. ஆகவே அரசும் திருவிழாவும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்னும் பேச்சு இம்மண்ணில் எடுபடாது.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். காலனியிலிருந்து வரும் அம்மனுக்குக் கடைசி இடத்தை, அதுவும் சேற்றோரமாக ஒதுக்கும் வழக்கம் சில ஆற்றுத் துறைகளில் இருக்கிறது. பழைய வழக்கம் என்று சொல்லி அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ளலாகாது. வரும் வரிசைப்படி இடம் என்று முன்னறிவித்துவிட்டால் பெரும்பாலான ஊர்களில் சச்சரவு எழாது. இதே கடலூர் மாவட்டத்தில், ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசிமகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் வழியில் அங்குள்ள தர்காவில் நின்று இஸ்லாமியர் செய்யும் மரியாதையை ஏற்றுக்கொள்கிறார். மதம் கடந்து வழிவிடத் தெரிந்த ஊர்களில், ஒரே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் தங்களுக்குள் இடம் விட்டுக்கொடுப்பது பெரிய காரியமல்ல.

மற்றவை சிறியவை. பெண்கள் உடை மாற்ற மறைப்பும் போதிய கழிப்பிடமும் வேண்டும். காது கிழியும் ஒலிபெருக்கிக்கும் கட்சி விளம்பரப் பதாகைக்கும் ஆற்றுக்குள் அனுமதி கூடாது. சீமைக்கருவேலை விழாவுக்காக மேலோட்டமாக வெட்டாமல் வேரோடு அகற்ற வேண்டும்.

முதற்கூட்டத்தை மார்கழி முதல் வாரத்தில், இரு கரை விழாக் குழுவினரையும் அழைத்து, கடலூரிலோ பாகூரிலோ நடத்த ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அழைப்பு வந்தால், எங்கள் துறையில் எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று காட்ட ஊர்ப் பெரியவர்களுடன் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை ஊர்க்காரன் ஒருவன்