அது நியான் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பை கஃபேக்களின் சுவர் அலங்காரம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் 'நியான்' என்று ஏழெட்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நியான் என்றால் கண்ணாடி டியூபை எழுத்தாக வளைத்து, உள்ளே வாயு நிரப்பி, மின்சாரம் பாய்ச்சி எரியவைக்கும் விளக்கு போர்டு. படத்தில் இருப்பவற்றில் ஒன்றுகூட நியான் இல்லை; எல்லாமே சிலிக்கோன் உறைக்குள் வரிசையாகப் பதித்த எல்.இ.டி. பட்டைகள். பலருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நியான் டியூப் வளைத்தவரின் மகளாகிய என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

அப்பா 17 வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர். தாராவியில் உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, ஒரு போர்டு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அங்கேயே கண்ணாடி வளைக்கக் கற்று, நாற்பது வருடம் அதே வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாக மாற்றி ஒரு தாளில் வரைந்து மேசையில் விரித்திருப்பார்கள். பின்பக்கமாக வளைத்தால்தான் முன்பக்கம் தட்டையாக வரும், அதற்காக. டியூபின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகி, அதன் நுனியை அப்பா பல்லில் கடித்துக்கொள்வார். பர்னர் தீயில் டியூபைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். கண்ணாடி துவளும் நேரத்தில் சட்டென்று எடுத்து, வரைந்த கோட்டின் மேல் வைத்து வளைப்பார். வளைவு நசுங்கிவிடாமல் இருக்க அந்த நொடியிலேயே மெதுவாக ஊதவும் வேண்டும். அதிகம் ஊதினால் உப்பிவிடும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். இறுகுவதற்குள் சில நொடிதான் கிடைக்கும். தப்பினால் அந்தத் துண்டு குப்பைக்குப் போகும்.

மாதுங்காவில் ஒரு மெஸ்ஸுக்குத் தமிழில் போர்டு செய்தபோது 'ழ' மட்டும் மூன்று தடவை உடைந்தது. மராத்தி, ஹிந்தி எழுதும் தேவநாகரிக்கு மேல்கோடு நேராகப் போவதால் பாதி வேலை சுலபம், நம் எழுத்துக்குச் சுழிதான் பாடு என்பார் அப்பா. நாலாவது தடவை வந்த 'ழ'வைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் இரண்டு முனையிலும் மின்சாரம் நுழைவதற்கான எலக்ட்ரோடு ஒட்டி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, உயர் அழுத்த மின்சாரம் பாய்ச்சி டியூபைச் சூடேற்றி உள்ளே இருக்கும் அழுக்கை வெளியேற்றுவார்கள். சூடு போதுமா என்று பார்க்க டியூப் மேல் ஒரு காகிதத் துண்டு போடுவார். அது கருக வேண்டும். கடைசியாகத்தான் வாயு. காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நிரப்பினால் போதும். நியான் என்றால் செம்மஞ்சள். நீலம் வேண்டுமானால் ஆர்கான் வாயுவோடு ஒரு சொட்டுப் பாதரசம். மற்ற நிறங்களுக்கு டியூபின் உள்சுவரில் பூச்சு. ஆக, பச்சையும் வெள்ளையுமாக எரிகிற பழைய போர்டுகள் எல்லாவற்றிலும் நியான் வாயுதான் இருந்தது என்று சொல்ல முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடி வேலை முழுவதற்கும் அந்தப் பெயர் 100 வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்டது. பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் ஜார்ஜ் க்ளோட் நியான் விளக்குகளை எரித்துக் காட்டியது 1910இல்.

எல்.இ.டி. மீது எனக்குக் கோபம் இல்லை. மின்சாரம் குறைவாக எடுக்கும், விலை குறைவு, விழுந்தால் உடையாது, பாதரசம் கிடையாது. ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் போர்டில் மும்பை மழை இறங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஜூன் பிறந்தால் அப்பா ராத்திரி எந்நேரத்திலும் ஏணியோடு போவார். கடைக்காரர் எது சௌகரியமோ அதை வாங்கட்டும். அதை நியான் என்று விற்பதுதான் எனக்கு வலிக்கிறது. இன்று நியான் போர்டு கேட்டு வருகிறவருக்குப் பட்டையைத்தான் காட்டுகிறார்கள். வேறு ஒன்று இருந்தது, இன்னும் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. கேட்பார் இல்லாததால் பட்டறை மூடுகிறது, பட்டறை இல்லாததால் பையன்கள் கற்க வருவதில்லை. பெயரும் கைவிட்டுப் போனால் தேடி வருகிற ஒருவர் இருவரும் வழி தவறிவிடுவார்கள்.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மும்பைக் கடைகள் மராத்தியில் பெயர்ப்பலகை வைக்க இரண்டு மாதம் கெடு கொடுத்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் கடை கடையாகப் போர்டு மாறியது. அவற்றில் கண்ணாடி டியூப் போர்டு ஒன்றுகூட இல்லை. அப்பா தினமும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஹாங்காங்கில் எம்+ அருங்காட்சியகம் பழைய நியான் போர்டுகளை வாங்கிப் பாதுகாக்கிறது. லாஸ் வேகாஸில் நியானுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. நான் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. இனி உங்கள் இதழில் எல்.இ.டி. பட்டையை எல்.இ.டி. பட்டை என்றே எழுதுங்கள். முடிந்தால் ஒரு நிருபரையும் புகைப்படக்காரரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். அப்பாவுக்கு 74 வயது. கை லேசாக நடுங்குகிறது, ஆனால் எந்த எழுத்தை எங்கே தொடங்கி எங்கே மடக்க வேண்டும் என்று இப்போதும் விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். மூன்றாவது தடவை உடைந்த அந்த 'ழ'வின் துண்டை பழந்துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். முகவரியைத் தனியாக இணைத்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் இருப்பார்.

— ஒரு வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை