ஞாயிற்றுக்கிழமையும் பூட்டிக் கிடக்கும் எங்கள் நூலகம்: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் கதவில் போன வாரம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மட்டும் திறக்கப்படும் என்று எழுதி, கீழே முத்திரையும் வைத்திருந்தார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். இருந்த நூலகர் ஓய்வு பெற்ற பிறகு யாரையும் போடவில்லை. பக்கத்து ஊர் நூலகரிடம் கூடுதல் பொறுப்பாக ஒப்படைத்துவிட்டீர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஆள் இரண்டு ஊரில் எப்படி இருக்க முடியும்? வாசகர் வட்டத்தின் சார்பில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன.

என் தையல் கடை நூலகத்துக்கு நேர் எதிரில் இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தால் அந்தப் படிக்கட்டு கண்ணில் படாமல் போகாது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மில்லில் பகல் ஷிப்ட் முடித்து ஆறு மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். திறந்திருக்கும் நாளிலும் நூலகத்தை ஐந்தரைக்கே பூட்டிவிடுகிறார்கள். அவளுக்கு வார விடுமுறை ஞாயிறு. முன்பெல்லாம் ஞாயிறு காலையிலிருந்து அங்கேதான் இருப்பாள். இப்போது அந்த நாளும் போய்விட்டது.

போன புதன்கிழமை பார்த்தேன். பேப்பர் போடுகிற பையன் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டுப் போன நாளிதழ் தரையில் கிடந்தது. இவள் செல்போன் டார்ச்சைக் கம்பிக்குள் நீட்டி, குனிந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள். பாதிப் பக்கம் மடங்கிக் கிடந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. "கடைக்குள்ள வந்து உட்காரும்மா" என்று கூப்பிட்டேன். "இல்லக்கா, தலைப்பு மட்டும் பார்த்துக்கிட்டேன், போதும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தப் பேப்பர் அவளுக்காகத்தானே ஐயா வாங்கப்படுகிறது?

எங்கள் கோரிக்கை இதுதான். முழுநேர நூலகர் ஒருவரைப் போடுங்கள், மாலை எட்டு மணி வரை திறந்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள். மில்லுக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு நூலகம் பூட்டியிருந்தால் அது யாருக்காக இருக்கிறது?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கிறேன். ஒரு ரூபாய் வரிக்குப் பத்துக் காசு நூலக வரி. குடிசையானாலும் மாடி வீடானாலும் கணக்கு அதேதான். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948இல். அந்தச் சட்டத்தின்படிதான் இந்த வரியைக் கட்டுகிறோம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் பெரிய நூலகங்கள் திறந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். மதுரைக்கு ஊரிலிருந்து வேன் பிடித்துப் போய்ப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டினோம். வருகிற வழியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம ஊர் நூலகத்துல மட்டும் ஏன் லைட்டே எரியறதில்ல?" என்று கேட்டான். வேனில் யாரும் பதில் சொல்லவில்லை.

சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அந்த விதிக்குள்ளேயே வைத்துத்தான் அவர் பேசுகிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அப்போது வண்டி கட்டி வாசகரைத் தேடிப் போனார்கள். இப்போது கட்டடம் இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, வாசகர் வாசலிலேயே நிற்கிறார். திறக்கத்தான் ஆள் இல்லை.

கூரை ஒழுகி வரலாற்று அலமாரிமேல் தார்ப்பாய் போட்டு வைத்திருப்பதையும், தேர்வுக்கான புத்தகங்கள் பழைய பாடத்திட்டத்திலேயே நிற்பதையும் தனியாக எழுதுகிறேன். முதலில் கதவு திறக்கட்டும்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். நியமனம் உங்கள் கையில் மட்டும் இல்லை, மேலே எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை இருக்கிற மூன்று நாளில் ஒரு நாளையாவது ஞாயிறுக்கு மாற்ற முடியுமா, மூடும் நேரத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். அதற்கு நூலகர் வந்து போகும் பஸ் நேரத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். கடைசி பஸ் எட்டேகாலுக்கு இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

முடிந்தால் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மேல் நீங்களே நேரில் வாருங்கள் ஐயா. என் கடையில் நாற்காலி இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அந்தப் படிக்கட்டு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஊர்ப்புற நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்