மாணவர்களின் சுயநலத்துக்குச் செல்போன் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுப்பு எடுத்த தோழிக்கு நோட்டுக்கூடக் கொடுக்காத அளவுக்கு மாணவர்கள் சுயநலமாகிவிட்டார்கள், எல்லாம் செல்போனால் வந்தது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தஞ்சைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்துகிறவள் நான். பழியைச் செல்போன் மீது மட்டும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. வகுப்பில் நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்வெல், ஏம்ஸ் என்ற இருவர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இது. கையில் உள்ளதில் எவ்வளவு பொதுநிதிக்குப் போடுவீர்கள் என்று பார்த்தார்கள். மற்றவர்கள் ஏறக்குறையப் பாதி போட்டார்கள். பொருளியல் முதுநிலை மாணவர்கள் போட்டது 20 சதவீதம்தான். சுயநலக்காரர்கள்தான் பொருளியலைத் தேடி வருகிறார்களோ? ஓரளவு இருக்கலாம். ஆனால் 1993-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நூறு டாலரோடு ஒரு கவர் கிடக்கிறது, உரியவர் முகவரியும் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பீர்களா என்று பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டார்கள். இரண்டு பொருளியல் வகுப்புகளில், ஆட்டக் கோட்பாட்டு (அவரவர் தம் லாபத்தைக் கணக்குப் போட்டு எப்படி முடிவெடுப்பார்கள் என்று ஆராயும் துறை) நிபுணர் நடத்திய வகுப்பில், யாரும் நேர்மையாக நடக்க மாட்டார்கள் என்ற அவநம்பிக்கை அதிகம் கூடியது. ஏழை நாடுகளின் முன்னேற்றத்தை ஆராயும் வளர்ச்சிப் பொருளியல் அறிஞர் நடத்திய வகுப்பில் அவ்வளவு கூடவில்லை. பாடம் ஒன்றுதான், நடத்தியவர்கள்தான் வேறு. ஓர் ஆசிரியையாக என்னை உலுக்கிய செய்தி இது.

முதலில் சொன்ன பொதுநிதிச் சோதனையை நானும் என் வகுப்பில் செய்து பார்ப்பதுண்டு. ஆளுக்குப் பத்துச் சீட்டு. பொதுப்பெட்டியில் விழும் சீட்டுகளை இரட்டிப்பாக்கி எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பேன். "போடாவிட்டாலும் பங்கு வருமே மேடம்!" என்று முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எங்கள் துறைப் பிள்ளைகள்தான். ஒருமுறை, துணைப்பாடத்துக்கு வந்திருந்த வரலாற்று மாணவி ஒருத்தி பத்தையும் போட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்க ஊர்ல வாய்க்கால் வெட்டும்போது வீட்டுக்கு ஒரு ஆள் வரணும் மேடம். வராத வீட்டு வயலுக்குக் கடைசியாத்தான் மடை திறப்பாங்க" என்றாள். அடுத்த சுற்றில் வகுப்பே கூடி, போடாதவருக்குப் பங்கு குறைவு என்று விதி எழுதியது. பெட்டி நிறைந்தது.

2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ராம் காட்டியதும் இதைத்தான்: பாசனத்தையும் மீன்வளத்தையும் காட்டையும் பயன்படுத்துகிற மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும். ஊர்மக்களே கூடி ஏரி, வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து நடந்த மண்ணில் பொருளியல் படிக்கிற எங்கள் பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறை.

ஊர்ப் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. இதே பொதுநிதிச் சோதனையை, ஒருவருக்கொருவர் அபராதம் விதிக்கலாம் என்ற விதியோடு 16 நகரங்களின் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில், குறைவாகப் போட்டவர்கள் நிறையப் போட்டவர்களுக்கே அபராதம் விதித்தார்களாம். நம் வகுப்பில் நோட்டுக் கொடுப்பவளைப் பார்த்து "ரொம்ப நல்லவளா காட்டிக்காதே" என்று சொல்வதும் அந்த வகைதான். அரை மதிப்பெண் கட்-ஆஃபில் இடம் பறிபோவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்? 2017-இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் பள்ளி வாசல் ஃபிளெக்ஸ்களில் அந்தப் பட்டியல் இன்னும் தொங்குகிறது.

பாடத்திட்டக் குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஆஸ்ட்ராமை முதல் பருவத்திலேயே சேருங்கள். லாபம், போட்டி பற்றிய பாடங்களோடு சேர்த்தே அவரும் வரட்டும். அப்புறம், இன்டர்னல் மார்க் 25-இல் ஐந்தையாவது குழுவுக்குப் பொதுவாகக் கொடுக்கும் உரிமையை ஆசிரியர்களுக்குத் தாருங்கள். பின்தங்கிய மாணவர் தேறினால் குழு முழுவதற்கும் அந்த ஐந்து கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பொருளியல் ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்