777 கொடுத்தால் எஸ்எஸ்எச் கீ வேலை செய்யாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வர் பாதுகாப்பு பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ‘பாஸ்வேர்டை விட்டு எஸ்எஸ்எச் கீக்கு (சர்வருக்குள் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி) மாறுங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. மாறிய கையோடு ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை. பலரும் பதற்றத்தில் ஹோம் டைரக்டரி (சர்வரில் அந்தப் பயனருக்குரிய ஃபோல்டர்) முழுவதற்கும் 777, அதாவது யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு சரியான கீ கூட உள்ளே போகாது.

ஹோம் டைரக்டரியிலோ .எஸ்எஸ்எச் ஃபோல்டரிலோ கண்டவரும் எழுத முடிந்தால், எவனும் தன் கீயை அங்கே சேர்த்துவிடலாம். அதனால் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் அங்குள்ள கீ பட்டியலையே ஏற்க மறுக்கிறது. ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் எனும் இந்தக் கண்டிப்பு, நாம் எதையும் மாற்றாதவரை செயலில்தான் இருக்கும். ஹோம் டைரக்டரிக்கு 755 அல்லது 700, .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, கீ பட்டியல் உள்ள ஆதரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 போதும். ரூட்டாக (சர்வரின் தலைமை நிர்வாகக் கணக்கு) இருந்து இவற்றை உருவாக்கினால் உரிமையும் ரூட்டிடமே தங்கிவிடும். அதையும் அந்தப் பயனர் பெயருக்கு மாற்றுங்கள்.

எதையும் மாற்றும் முன் லாகைப் பாருங்கள். எஸ்எஸ்எச் கட்டளையோடு -வி (சிறிய எழுத்து v) சேர்த்தால், எந்த கீயை நீட்டுகிறது என்று ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’ வரியில் தெரியும். உங்கள் கீ அதில் இல்லையென்றால் கோளாறு உங்கள் கணினியில். நீட்டியும் ஏற்கவில்லை என்றால் சர்வர் பக்கம் போக வேண்டும். மறுத்த காரணத்தை சர்வர் வெளியே சொல்லாது, அது நல்லதுதான். உபுண்டுவில் ஆத்.லாக், ரெட் ஹேட் வகையில் செக்யூர் எனும் லாக் கோப்பில் ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்றிருந்தால் மேலே சொன்ன சங்கதிதான். ரெட் ஹேட்டில் எஸ்இலினக்ஸ் எனும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் தடுக்கலாம்; .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு ரீஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் தீரும்.

உபுண்டு 22.04-க்கு மாறியதும் பழைய ஆர்எஸ்ஏ கீ நின்றுபோனதாக நினைப்பவர்கள் உண்டு. கீ செத்துப்போகவில்லை. 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல், ஷா-1 எனும் பழைய முறையில் போடும் டிஜிட்டல் கையொப்பத்தை மட்டும் ஏற்பதில்லை. சர்வருடன் இணைக்கும் புட்டி போன்ற மென்பொருளைப் புதுப்பித்தால் அதே கீ ஷா-2 முறையில் வேலை செய்யும். புதிதாக உருவாக்குவதென்றால் இடி25519 வகை கீ போதும்.

‘டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ என்று வந்தால், உங்கள் கணினியில் கீகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் எனும் மென்பொருள் தன்னிடமுள்ள எல்லா கீகளையும் வரிசையாக நீட்டியிருக்கும். சர்வர் வழக்கமாக 6 முயற்சிக்கு மேல் விடாது. உங்கள் கணினியிலுள்ள எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் சரியான கீயின் பாதையைக் கொடுத்து, ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்று சேருங்கள். சர்வரில் வைக்கும் பப்ளிக் கீயை ஒட்டும்போது அது ஒரே வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்தால் நடுவில் உடைந்துவிடும்.

பாஸ்வேர்ட் லாகினை நிறுத்தும்போது ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பை மூடாதீர்கள். எஸ்எஸ்எச்டி -டி (sshd -t) கொடுத்து சர்வரின் கான்ஃபிக்கில் பிழை இல்லை என்று பார்த்து, சேவையை ரீஸ்டார்ட் செய்து, வேறொரு ஜன்னலில் கீயால் உள்ளே போக முடிந்த பிறகே பழையதை மூடலாம்.

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர் நிர்வாகி, கோயம்புத்தூர்